வெள்ளைச் சீட்டு

எர்சுரும் நகரில் மார்ச் முடியும்வரை பனி.
டேக்வாண்டோ கூடத்து ஹீட்டர்
இருமிக்கொண்டே வேலை செய்யும்.
பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இருபத்துநான்கு பிள்ளைகள்.
தேநீர்க் குவளையில் சீட்டுப் போட்டுக் குலுக்கினோம்.
சிவப்பு வந்தவர்களுக்கு வாரம் மூன்று நாள்
வயிற்றையும் முதுகையும் இறுக்கும் பயிற்சி.
வெள்ளை வந்தவர்களுக்கு
வழக்கமான உதை, வழக்கமான வியர்வை,
புதிதாக ஒன்றும் இல்லை.

ஒன்பதாம் எண் எல்மாஸுக்கு வெள்ளை.
"ஒன்றும் செய்யாமல் இருப்பதை
எத்தனை நிமிடம் செய்யணும்?" என்று கேட்டாள்.
பேராசிரியர் சிரித்தார்.
நான் குறித்துக்கொள்ளவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

என் வேலை ஸ்டாப்வாட்ச்.
சிவப்புக்காரர்கள் முழங்கை ஊன்றி
பலகையாய் விறைத்துக் கிடப்பார்கள்.
முதல் வாரம், இருபது விநாடிக்குள்
செவ்குல்லின் இடுப்பு
ஈரத்துணி காயும் கொடியாய்த் தொய்ந்தது.
மூக்கு நுனியிலிருந்து பாயில் வியர்வை சொட்ட
நடு நடுங்கியது.
கால் அழகாகத்தான் உயரும் இவர்களுக்கு.
உயர்ந்த காலை உள்ளேயிருந்து தாங்குவது யார் என்று
எவரும் கேட்டதில்லை,
பந்தியில் பரிமாறுகிறவர் சாப்பிட்டாரா என்று
கேட்காதது போலவே.

எட்டாவது வாரம்.
பத்து விநாடியில் எத்தனை உதை?
சிவப்புகள் ஏறியிருந்தார்கள், நினைத்தபடி.
வெள்ளைகள் இருந்த இடத்திலேயே.
ஒன்பதாம் எண்:
அன்று பதினைந்து. இன்று பத்தொன்பது.
மறுபடி உதைக்கச் சொன்னேன்.
பத்தொன்பது.
கடைசி உதைக்குப் பின்னும் ஒற்றைக் காலில் நின்றபடி
"அக்கா, நிறுத்த மறந்துட்டீங்க" என்று
என் கையைக் காட்டினாள்.

சட்டைக் கையை மேலே தள்ளச் சொன்னேன்.
இரண்டு முழங்கையிலும் காய்ப்பு,
காசு அகலத்துக்கு.
ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.
தன் முழங்கைகளைப் பார்த்துவிட்டு
மூடிக்கொண்டாள்.
பிறகு:
"ராத்திரி. தங்கச்சி தூங்கினதும்.
செவ்குல் சொல்லிக் கொடுத்தா...
இல்ல, அவ சொல்லல, நானே பார்த்துக் கத்துக்கிட்டேன்."

பேராசிரியர் அந்த வரியை அடிக்கச் சொன்னார்.
சரிதான்.
ஒரு வரி போனால்தான் அட்டவணை உண்மை பேசும்.
*விதிமுறை மீறியதால் ஒருவர் நீக்கப்பட்டார்.*
அடிக்குறிப்பில் அவளுக்கு நான்கு சொற்கள்.

"அப்போ என் உதை கணக்கிலே இல்லையா?"
இல்லை.
"ஆனா உதைச்சேனே."

கேட்கக் கூடாது. கேட்டுவிட்டேன்:
எவ்வளவு நேரம் தாங்குவாய், கடிகாரம் உண்டா?
"கடிகாரம் சமையலறையில. அம்மா முழிச்சுக்குவாங்க.
பனி அள்ளுற வண்டிதான்.
தெருமுனையில சத்தம் கேட்டதும் ஊன்றுவேன்,
பேக்கரியைத் தாண்டுற வரை விடமாட்டேன்.
இன்னிக்கும்தான்."

அன்றிரவு அவள் தெருவில் போய் நின்றேன்.
எந்தப் படிவத்துக்கும் தேவையில்லாத அளவு இது.
மஞ்சள் விளக்குச் சுழல வண்டி திரும்பியது.
அமுக்கினேன்.
நாற்பது. ஐம்பது. எழுபது.
பேக்கரிக்கு முன்னால் யாரோ
காரைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள்.
ஓட்டுநர் ஹார்ன் அடித்தார்,
இறங்கினார், சிகரெட் பற்றவைத்தார்,
ஒவ்வொரு அழைப்பு மணியாய் அழுத்தத் தொடங்கினார்.
எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.
இரண்டு நிமிடம்.
இரண்டரை.
மூன்றாம் மாடியில் விளக்கில்லாத சன்னல்.
கையுறைக்குள் விரல் மரத்துவிட்டது,
என் அடிவயிறு தானாக இறுகிப்போயிருந்தது.

யாராவது அந்தக் காரை எடுங்களேன்.