பதினான்காம் இதழ்

டுலூத் நகரத்துச் சலவைக் கடையில்
ஆடுகிற எந்திரத்தின் காலுக்கடியில்
நாலாய் மடித்து
முட்டுக்கொடுத்திருந்தார்கள் அவனை.

லோர்னா ஹாபலா உருவி எடுத்தாள்.
எந்திரம் குதித்தது. கடைக்காரர் கத்தினார்.

அட்டை இல்லை. முதல் பக்கமும் இல்லை.
இடியும் பாலமொன்றைத்
தோளில் தாங்கி நிற்கிறான்.
வசன பலூன்களில் மை கரைந்து
என்ன சொல்கிறானோ.
கடைசிக் கட்டத்தில் மட்டும் தெளிவாக:
தொடரும்.

பெயர் தெரியாததால்
ஈரக்காரன் என்று வைத்துக்கொண்டாள்.

எட்டு மாதம் கழித்து
பேருந்து நிலையத்தில் கிடைத்தது
இருபத்திரண்டு.
பளபளக்கும் அட்டை, கொட்டை எழுத்தில் பெயர்.
நல்ல பெயர்தான்.
பாலத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

இப்போதும் ஏரிப் பாலத்தில் பேருந்து ஏறினால்
புத்தகத்தை மூடிவிட்டு
சன்னல் வழியே கீழே பார்க்கிறாள்,
நனைந்தபடி யாராவது
நிற்கிறார்களா என்று.