நாற்பது பக்க நோட்டு

திருவாரூர் பேருந்து நிலையத்தில்
மயிலாடுதுறை வண்டி நிற்கும் இடத்தில்
வெள்ளிக்கிழமை அவள் தருவாள்,
ஞாயிறு நான் திருப்பித் தருவேன்.
பிள்ளையை.
பேச்சு கிடையாது. அவனுக்கு இன்னும் வரவில்லை,
எங்களுக்கு நின்றுபோய் இரண்டு வருஷம்.

அகரன் என்று பெயர்.
முதல் எழுத்தாக்கும் என்று பீற்றிக்கொண்டது நான்தான்.
நாலேகால் வயசாகிறது.
அம்மா அப்பா எல்லாம் வேண்டாம், ஒரே ஒரு 'அ' போதும் என்று
கொரடாச்சேரிக் கடையில் உட்கார்ந்து
மோட்டாருக்குக் காயில் சுற்றும்போது நினைப்பேன்.

"கடைமடைக்குத் தண்ணி தாமசமாத்தான் வரும் தம்பி."
மோட்டார் கொண்டுவருகிறவர்கள் சொல்லும் ஆறுதல்.
வராத வருஷமும் உண்டு.
அந்த வருஷங்களில்
கருகிய மோட்டார்களைப் பிரித்தவனிடம் சொல்கிறார்கள்.

மருத்துவக் கல்லூரி, கீழ்த்தளம்,
யானை வரைந்த கதவுக்குள் ஜெசிந்தா மேடம்.
நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தோம்.
"சொல்லு சொல்லுன்னு கேக்காதீங்க.
பொருளைக் காட்டுங்க, பேரைச் சொல்லுங்க,
மனசுக்குள்ள பத்து எண்ணுங்க."

நாளைக்கு நாலாயிரம் சுற்று
பிசகாமல் எண்ணுகிற எனக்கு
பத்து எண்ண முடியவில்லை.
நாலிலேயே உடைந்து
"தண்ணின்னு சொல்லுடா!" என்று கத்த
காதைப் பொத்திக்கொண்டு
மேசைக்கு அடியில் போய்விட்டான்.

அன்றைக்குத்தான் கேட்டார்,
அங்கே இருக்கிற படஅட்டை இங்கேயும் இருக்கிறதா?
அவள் வீட்டில் சோற்றுக்கு மஞ்சள் அட்டை.
என் வீட்டில் அட்டையே இல்லை.
"நீங்க சேர்ந்து வாழணும்னு நான் சொல்லல சார்.
சோறு ரெண்டு வீட்டுலயும் ஒரே சோறா இருக்கணும்,
அவ்வளவுதான்."

அப்படி வந்தது நோட்டு.
அவன் பையில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில்,
வாரத்துக்கு இரண்டு தடவை ஊர் மாறும்.

மூணு இட்லி. குக்கர் விசிலுக்கு அழுதான்
என்று நான் எழுதினேன்.
விசில் வருமுன் விரலைக் காட்டு, ஒண்ணு ரெண்டு மூணு.
மூணாவதில் சிரிப்பான்
என்று மங்கையர்க்கரசி எழுதினாள்.
சிரித்தான்.
சட்டைக் கழுத்து லேபிள் குத்துகிறது, பார்.
எல்லாச் சட்டையிலும் வெட்டிவிட்டேன்.
தகரத்தில் மழை விழுந்தால் பயம். ஓட்டில் விழுந்தால் கைதட்டுகிறான்.
அது எனக்குத் தெரியாது.
தெரியாது என்பதற்குப் பிறகு
அவள் பேனாவை வைத்து எடுத்த ஒரு புள்ளி.
ஒரு பக்கம் கிழிந்திருக்கும். பணம் பற்றியது.
கிழித்தது யாரென்று இருவருக்கும் தெரியும்.

போன ஞாயிறு
பேரளம் வழி வண்டி கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கையில்
பழசு எப்படியோ வாய்க்கு வந்துவிட்டது.
உன் அண்ணன், என் கடன், அந்தத் தீபாவளி.
குரல் ஏறியது. முறுக்கு விற்கிறவர் திரும்பிப் பார்த்தார்.

அகரன் காதைப் பொத்தவில்லை.
வளையத்தில் கோத்த அட்டைகளை
ஒவ்வொன்றாய்த் தள்ளினான்.
சோறு, பஸ், வலி, தூக்கம்.
ஊதா அட்டை வந்ததும் நிறுத்தி
என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தான்.
பிறகு அவள் விரலை.

பொறு.

பால் ஆறுகிற வரைக்கும், பஸ் வருகிற வரைக்கும்
நாங்கள் அவனுக்குக் காட்டுகிற அட்டை.

தெரிந்துதான் வைத்தானா,
ஊதா பிடிக்கும் என்பதாலா?
அவசரப்பட்டு அர்த்தம் கட்டாதீங்க என்பார் மேடம்.
நான் எண்ணினேன்.
அவள் உதடும் அசைந்தது.
ஆறிலோ ஏழிலோ ஹாரன் அடித்தது.
ஏறிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால்
நோட்டு என் பையிலேயே.
நாளைக் காலை மருந்தின் அளவு
அதில்தான் எழுதியிருக்கிறது.

அவள் எண் என் போனில் இன்னும் இருந்தது.
மணி போகிறது.
ஒன்று.
இரண்டு.