பன்னிரண்டு டெசிபல்

மரண அறிவித்தல் ஒன்றுக்கு இருபது டொலர்.
வானொலிக்காரர் எழுத்தை அனுப்புவார்,
நான் குரலை அனுப்ப வேண்டும்
காலை ஆறு மணிச் செய்திக்கு முன்.

ஸ்காபரோவில், மார்க்கம் வீதிக்குப் பக்கத்தில்,
நிலத்துக்குக் கீழே எங்கள் வீடு.
ஸ்டூடியோ என்றால் உடுப்பு அலுமாரிதான்:
குளிர்ச்சட்டைகள் ஏழு, கல்யாணக் கூறை ஒன்று,
தயாபரனின் வேலைச் சப்பாத்து,
காலடியில் நாலாய் மடித்த போர்வை.
பஞ்சு வைத்துத் தைத்த எதுவும் சத்தத்தைக் குடிக்கும்.
பட்டு குடிக்காது.
பதிந்து பார்த்துத்தான் இதையெல்லாம் அறிந்தேன்.

முதலில் ஃபர்னஸை நிறுத்துவேன்.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
ஒரு அறிவித்தலுக்குக் கால்விரல் விறைக்காது,
இரண்டுக்கு விறைக்கும்.
பிறகு பிரிட்ஜ். வயரைக் கழற்றிவிட்டு
கார்ச் சாவியை அதற்குள் வைப்பேன்,
திரும்பக் கொழுவ மறக்காமலிருக்க.
சாவி இல்லாமல் இந்த ஊரில்
எவரும் எங்கும் போக முடியாது.

சுவர் மணிக்கூடு தலையணைக்குக் கீழே.
மேல்வீட்டுப் பெடியன் நித்திரைக்குப் போகப்
பதினொன்றரை ஆகும்.
அதுவரை அவன் குதிரை.

எல்லாம் அடங்கியபின்
வாய் திறவாமல் முப்பது விநாடி பதிய வேண்டும்,
இந்த இடத்தின் வெறுமை எப்படி இருக்கும் என்று
கணினிக்குக் காட்ட.
அதைப் படித்து வைத்துக்கொண்டு
என் குரலுக்கடியில் இருந்து அது கழித்துவிடும்.
முப்பது விநாடி நீளம்.
குழாய்க்குள் யாரோ குளித்த தண்ணீர் இறங்குகிறது.
நானூற்றியொன்றில் லொறிகள்,
அல்லது என் காதுக்குள் ரத்தம்.
ஒரு ஜாக்கெட்டின் ஸிப், தன்பாட்டில், ஒருமுறை.

பிறகு வாசிப்பேன்.
புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும்
மார்க்கத்தை வதிவிடமாகவும் கொண்ட
திருமதி பொன்மலர் இராசநாயகம் அவர்கள்
காலஞ்சென்றவர்கள் என்று ஒரு வரிசை,
பாசமிகு என்று ஒரு வரிசை.
மைக்கை வாய்க்கு நேரே பிடிக்கக் கூடாது,
'ப' வெடிக்கும்,
பாசமிகு எல்லாம் பட்டாசாகும்.
கன்னத்துப் பக்கமாய், ஒரு சாண் தள்ளி.

அன்று எனக்குத் திருப்தியே வரவில்லை.
இரைச்சல் குறைப்பை ஆறில் வைத்தேன்,
பன்னிரண்டில் வைத்தேன்,
இருபத்துநாலுக்கு ஏற்றினேன்.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே
வழித்துத் துடைத்த சட்டி.
இரண்டு மணிக்கு அனுப்பிவிட்டு
அப்படியே படுத்துவிட்டேன்.

ஐந்து மணிக்குக் குணசீலன் அண்ணை.
"தங்கச்சி, கொம்பியூட்டரை வாசிக்க விட்டனீங்களோ?"
இல்லை அண்ணை, நான்தான்.
"கிணத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு.
பாசமிகு எண்ட இடமெல்லாம் பாமிகு எண்டு கேக்குது.
மூச்சுச் சத்தம் மருந்துக்கும் இல்லை.
செத்தவீட்டு அறிவித்தல் பிள்ளை,
வாசிக்கிற ஆளாவது மூச்சு விட வேணும்."

திரும்ப அலுமாரி. கதவைச் சாத்தி,
பழைய பதிவைத் திறந்து
பன்னிரண்டுக்கு இறக்கினேன்.
பாசத்துக்குள் ச திரும்பி வந்தது.
கணவரின் பேருக்கும் பிள்ளைகளின் பேர்களுக்கும் நடுவே
நான் மூச்சு இழுத்திருக்கிறேன்,
குளிர்ச்சட்டை தோளில் உரசியிருக்கிறது,
ஆறு பேரப்பிள்ளைகளை ஒரே மூச்சில் சொல்லப் போய்
ஐந்தாவதில் தடுமாறியிருக்கிறேன்.
அடியில் லொறிகள், மெல்ல.
அப்படியே அனுப்பினேன்.

அலுமாரிக் கதவு ஒரு விரற்கடை திறந்தது.
தயாபரன், வேலை உடுப்போடு.
கதவு சாத்தியிருந்தால் வாய் திறக்கக் கூடாதென்று
கலியாணமாகி ஒன்பது வருசத்தில் பழகியிருக்கிறான்.
சத்தம் போடாமல்
காற்றில் ஒரு சாவியைத் திருப்பிக் காட்டினான்,
புருவத்தை உயர்த்தினான்.
நானும் பேசாமல்
குசினிப் பக்கம் கையைக் காட்டினேன்.

தரையில் கொஞ்சம் தண்ணீர்.
தயிர்ப் பேணிக்கு மேலே சாவி.
எடுத்துக் கொடுத்தேன்.
அது குளிரவில்லை.