இரண்டு கச்சான்

எங்களூரில் கச்சான் இரண்டு.
ஒன்று ஆனியில் மேற்கிருந்து வரும்,
கொடியில் போட்ட சேலையை அப்பளமாக்கிவிட்டுப் போகும்.
மற்றது டச்பே கடற்கரையில்
பேப்பர்ச் சுருளில் கிடைக்கும்.

இன்று இரண்டும் என் குசினிக்குள்.

மணலில் வறுக்காத பச்சைக் கச்சான், ஒரு கிலோ.
இரும்புத் தாச்சி, தணல் மட்டும்.
விட்டுவிட்டுத் திரும்பினால் கரியும்,
அதனால் சாவிக்கொத்துத் தேடிய மகனுக்கும்
தாச்சியைப் பார்த்தபடியேதான் பதில் சொன்னேன்.

ஆறவைத்து, கசக்கி, சுளகில் கொட்டிப்
பின்கதவைத் திறந்தேன்.
ஒரு கச்சான்
மற்றக் கச்சானின் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடியது.
சிவந்த தோலெல்லாம் மதில் தாண்டி
றிஸ்மினா காயப்போட்ட வெள்ளைச் சீருடையில்.
"மறுகாலும் தோய்க்கிறதா நான்?"
"ஒரு போத்தல் தாறன்" என்றேன்.
"சின்னப் போத்தல் எண்டால் வேணாம்."

வசந்தரூபன் இதைக் கேட்கவில்லை.
கட்டாரில் பதினொரு வருடம், வந்து ஆறு கிழமை,
என்ன வேணும் என்றால்
ஒண்டும் வேணாம் என்கிற மனிதர்.
போன செவ்வாய் சுப்பர்மார்க்கட்டில்
ஒரு போத்தலைத் தூக்கி, விலையைப் பார்த்து,
இருந்த இடத்திலேயே வைத்தார்.
வைத்த பிறகும்
மூடியின் மேலேயே இருந்தது கை.

கிரைண்டரில் முதலில் மா.
பிறகு ஈர மணல்.
பிறகு வீம்பு:
ஒரே கட்டியாகிச் சுவரில் ஏறிக் குந்திக்கொண்டது,
கீழே அலகு வெறுமனே சுற்றுகிறது.
வாசலில் நின்று பார்த்தவர்
"எண்ணெய் கொஞ்சம் ஊத்தும்" என்றார்.
"அதுக்குள்ளயே கிடக்கு."
"தண்ணி?"
"தண்ணி பட்டால் பூஞ்சணம்."
வழித்தேன், சுற்றினேன், வழித்தேன்.
மோட்டர் சூடாகி மணந்தது.
நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்தேன்.

அது ஆறுகிற நேரத்தில்தான் சொன்னார்.

எட்டுப் பேருக்கு ஓர் அறை, ஓர் அடுப்பு.
அடுப்புக்கு முறை உண்டு,
அவருடைய முறை இரவு பதினொன்றுக்கு.
"சமைக்கிற நேரம் படுக்கலாம் எண்டு
குபூசில இதைப் பூசி நிண்டபடியே திண்டுட்டு..."
"எத்தனை நாள்?"
"நாளா?"
சிரித்தார்.

ஒவ்வோர் இரவும் தொலைபேசியில்
சாப்பிட்டீங்களோ என்பேன்.
ஓம் என்பார்.
என்ன கறி?
கோழி.
பதினொரு வருடமாக
நான் நம்பிச் சமாதானப்பட்ட கோழிகளை
ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கி
பாதியில் விட்டேன்.

திரும்பவும் சுவிச்சைத் தட்டினேன்.
சத்தம் கரகரத்தது,
பிறகு யாரோ காதைப் பொத்தியதுபோல் இறங்கியது.
கட்டி கலைந்து வழுக்கியது.
எங்கே ஒளிந்திருந்ததோ அவ்வளவு எண்ணெய்,
கரண்டியைத் தூக்கினால்
நாடாவாய் விழுந்து மடிந்தது.
ஒரு சிட்டிகை உப்பு.

கரண்டியோடு கொடுத்தேன்.
அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
ஏதோ சொல்ல வந்து நாக்குப் புரளாமல்
பொறும் என்று கையைக் காட்டினார்.
கண் மட்டும் என் மேல்.
பொறுத்தேன்.
விழுங்கிவிட்டுச் சொன்னார்:
"அதில சீனி கூட."
அவ்வளவுதான்.
கரண்டியைத் திருப்பித் தரவில்லை.

றிஸ்மினாவுக்குப் பெரிய போத்தலே போனது.
பின்னேரம் கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
கேற்றடியில் ஒதுங்கிய தோலை மோந்து,
பிடிக்காமல்,
பக்கத்து வீட்டுச் செவ்வரத்தையைத் தின்றது.

இரவு விழித்தபோது பக்கத்தில் ஆளில்லை.
குசினியில் வெளிச்சம். மணி பதினொன்று தாண்டி.
குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்றபடி
போத்தலுக்குள் விரல்.
என்னைக் கண்டதும் களவெடுத்த பிள்ளைபோல்
விரலைப் பின்னால் மறைத்தார்.

"இருந்து சாப்பிடுங்கோ" என்றேன்.

கதிரை இழுபட்ட சத்தத்தில்
மகன் எழும்பிவிடுவானோ என்று
இருவரும் ஒரு கணம் அசையாமல் இருந்தோம்.