எட்டில் ஒன்று

இமெரேத்தி மலையில் எங்கள் ஊர் இரண்டு பாதி,
மேலே ஒன்று, கீழே ஒன்று.
மாங்கனீசுச் சுரங்கத்துக்கு ஏறுகிறவர்களும்
ரொட்டி வாங்க இறங்குகிறவர்களும்
கம்பியில் தொங்கித்தான் போகவேண்டும்.

புதிய பெட்டிக்கு எட்டுப் பூட்டுகள்.
பூட்டுக்கு ஓர் எண், எட்டும் ஓர் அணியில்.
அதை வாங்கிப் பார்த்து
எல்லாம் சாத்தியாச்சா என்பதற்கு
ஒரே சொல்லில் பதில் தர
ஒரு ஃபங்ஷன் எழுதினேன்.

எங்கள் மொழியில் ஆமாம் மூன்று.
மரியாதைக்கு, தியாஹ்.
சாதாரணமாய், கி.
வாய் நிறையச் சோறும்
காதில் பாதிக் கேள்வியுமாய், ஹோ.
சி மொழிக்கு இந்த வம்பே இல்லை:
பூஜ்யம் பொய்,
மற்ற எதுவும் மெய்.

மார்ச் ஈரத்தில் ஒத்திகை.
ஆளுக்குப் பதில் பதினாறு மணல்மூட்டை.
பச்சை விளக்கு எரிந்தது.
சிச்சினோ விசையைத் தொடவில்லை,
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.
"அஞ்சாவது பூட்டு
நாக்கை நீட்டிக்கிட்டு நிக்குது.
உன் மெஷின் என்ன, ஹோ சொல்லுதா?"

அன்றிரவு
ஓத்தியா வைத்துவிட்டுப் போன தேநீர் ஆற ஆற
வரி வரியாய் இறங்கினேன்.
வெளியே, அணியின் அளவு முப்பத்திரண்டு பைட்.
நான்கால் வகுத்தால் எட்டு. சரிதான்.
அதே வரியை வெட்டி
உள்ளேயும் ஒட்டியிருந்தேன்.
உள்ளே, நான்கை நான்கால் வகுத்து
ஒன்று.

ஏனென்றால்
வாசலைத் தாண்டும்போது அணி வருவதில்லை.
வீட்டை யார் தூக்கிக்கொண்டு போவார்கள்?
முகவரிதான் போகிறது.
முகவரி எழுதிய துண்டுச்சீட்டை
முழம்போட்டுப் பார்த்து
வீட்டில் ஓர் அறைதான் என்று
முடிவு கட்டியிருக்கிறது.
சதுர அடைப்புக்குறி போட்டு வரவேற்றாலும்
வந்தது சீட்டுதான்.
முதல் பூட்டு சாத்தியிருந்தது,
மெய் என்று சொல்லித் திரும்பிவிட்டது.

கம்பைலர் சொல்லாமல் இல்லை.
ஊதா எழுத்தில் ஒரு வரி, மூன்று வாரமாய்.
நான்தான் அதற்கு
ஹோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டை வெளியிலேயே எண்ணி
சீட்டோடு கையில் கொடுத்தனுப்பினேன்.
போன இடத்தில் எதையும் நகர்த்தாதே என்று
முன்னால் ஒரு கான்ஸ்ட்.
ஒன்று திறந்திருந்தாலும்
அங்கேயே பொய் சொல்லித் திரும்பு.
மெய்யை
எட்டும் தாண்டி
கடைசி அடைப்புக்குறிக்கு முந்தைய வரியில் வை.

புதன்கிழமை ஆட்கள் ஏறினார்கள்.
இரவு ஷிப்டின் தலைக்கவசங்கள்,
மடியில் பீட்ரூட் பையோடு ஒருத்தி,
சூரியகாந்தி விதை துப்பும் பையன்.
பச்சை.
சிச்சினோ அப்போதும் ஜன்னலுக்குத்தான் போனாள்.
பக்கத்தில் நின்று நானும் எண்ணினேன்.
ஆறு தெரிந்தது.
இரண்டு, மலையைப் பார்த்த பக்கம்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
"கி" என்றேன்.
விசையை இறக்கினாள்.