பயனிலை

செவ்வாய்ப்பேட்டையில் என் மாடிக்குக் கீழே
கொலுசுப் பட்டறை.
ஏழரைக்குப் பாவாயி வந்து
முந்தின நாள் பற்றவைத்த ஜோடிகளைக்
காதருகே ஒவ்வொன்றாய் உலுக்குவாள்.
ஊமையாய்ப் போனது உருக்குச் சட்டிக்கு.

அந்நேரம்தான் நான் கடிதங்களைத் திறப்பது.

ஜப்பானியம் கற்றது ஒரகடத்துக் கார் கம்பெனிக்காக.
"போல்ட்டை இறுக்கும் முன் வாஷரைச் சரிபார்க்கவும்."
எட்டு வருஷம் அதுதான் என் இலக்கியம்.
இப்போது லண்டன் வக்கீல்களுக்காக
அங்கே தூக்குக்குக் காத்திருக்கும் ஒருவர் எழுதுவதை
ஆங்கிலமாக்கி அனுப்புகிறேன்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.
பெயர் இருந்த இடத்தில் கறுப்பு மைப்பட்டை.

தேதி சொல்ல மாட்டார்கள்.
சொல்கிற காலைதான் தேதி.
ஒன்பது மணிக்குள் பூட்ஸ் ஓசை கடந்துவிட்டால்
அடுத்த காலைவரை அவர் இருக்கிறார்.
அங்கே ஒன்பது என்றால் இங்கே ஐந்தரை.
நான் பல் விளக்கும்போது
அவருடைய நாள் முடிவாகியிருக்கும்.

பதினேழு வருஷம்.
சனி ஞாயிறு அந்த வேலை கிடையாதாம்.
வெள்ளி இரவு நன்றாகத் தூங்குகிறேன் என்கிறார்,
விளக்கை அணைக்க மாட்டார்கள்,
முகத்தைப் போர்த்தவும் கூடாது,
ஆனாலும்.

இரண்டு பேரைக் கொன்றவர். மறுக்கவில்லை.
ஒரு தாயும் அவள் மகளும்
கடிதத்துக்கு ஒருமுறையாவது வந்துபோகிறார்கள்.
"அந்தக் குழந்தைக்கு இப்போது இருபத்தாறு ஆகியிருக்கும்"
என்று மார்ச்சில் எழுதியிருந்தார்.
அன்று அதற்குமேல் என்னால் ஆகவில்லை.
கீழே போய் டீ குடித்தேன்.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருதரம்.
வால்வு திறக்கும் பச்சியப்பன் நேரம் சொல்வதில்லை.
குடங்களை வரிசை வைத்துவிட்டுத்
தெருவே காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்.
இதை வைத்து அதைப் புரிந்துகொள்ளலாம் என்று
ஒருநாள் நினைத்தேன்.
வெட்கமாக இருந்தது.

அவர் மொழியிலும் நம்முடையதைப் போல
வினை கடைசியில்தான்.
"ஓசை என் கதவுக்கு முன்னால் வந்து,
மெதுவாகி, சாவிக்கொத்தின் சிணுங்கலோடு நிற்க"
என்பதுவரை வந்தாலும்
"வில்லை" வந்து சேரும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.
ஆங்கிலத்தில் அந்த "இல்லை"யைப் பிடுங்கி
முன்னால் நட வேண்டும்.
மூன்றாவது சொல்லிலேயே ஆள் பிழைத்துவிடுகிறார்.
அதனால் முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பேன்,
மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்.
யாரும் கேட்காத பிரதி. கூலியும் இல்லை.

போன கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி:
"இதை வேறு மொழிக்கு மாற்றுகிறவரே,
உங்கள் ஊர்க் காலையில் என்ன சத்தம் கேட்கும்?"
பதில் எழுத எனக்கு அனுமதியில்லை.
அந்த வரியையும் மொழிபெயர்த்து
கூலிக் கணக்கில் சேர்த்தேன்.

இன்று வக்கீலிடமிருந்து ஒரு வரி.
ஆங்கிலத்தில் ஆறு சொல்.
மூன்றாவதிலேயே முடிந்துவிட்டது.

நோட்டை எடுத்தேன்.
தமிழில் அவர் செயப்படுபொருள். எழுவாய் யார்?
சிலர் ஒரே நேரத்தில் பொத்தான்களை அழுத்துவார்களாம்,
யாருடையது வேலை செய்தது என்று
யாருக்கும் தெரியாதாம்.
எழுவாய்க்கு இடம் விட்டு எழுதினேன்:

"வியாழக்கிழமை காலை,
சேர்வராயன் மலைமேல் மேகம் இன்னும் கலையாதபோது,
இரண்டாம் அக்ரஹாரத்தில் பால் வண்டி நின்றபோது,
முறை தப்பி ஒரு நாள் முந்தியே குழாயில் தண்ணீர் வந்து
குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டபோது,
வெள்ளி இரவுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கையில்,
அவரை"

பேனா அங்கேயே.

கீழிருந்து பாவாயி குரல் கொடுக்கிறாள்.
"அக்கா, பட்டறை மெசின் ஓடுது, எனக்குக் கேக்கல.
இந்த ஜோடி சத்தம் மேல வருதா?"
உலுக்குகிறாள்.
வருகிறது.
"இன்னொருக்கா" என்கிறேன்.