திருகாணி இல்லாத இடம்

வெய்யோவின் ரம்பம் பதினோராவது குளிர்காலத்தில்
என் மேசைக்கு வந்தது.
"கம்ப்யூட்டர் செத்துப்போச்சு, ராய்லி" என்றான்,
பூட்ஸின் பனியைத் தட்டாமலே.
அவன் கம்ப்யூட்டர் என்பது
கார்புரேட்டரின் இடுப்பில் ஒட்டிய
கட்டைவிரல் நுனியளவு வால்வை,
இரண்டு கம்பிகளை.

கூமோவில் அன்று மைனஸ் இருபத்து நான்கு.

திருகாணிகள் போனபோது நான் அழவில்லை.
ஒவ்வொரு வசந்தத்திலும்
மைத்துனன் பேச்சைக் கேட்டுக் கால் சுற்று முறுக்கியவர்கள்
வெந்த பிஸ்டனைத் துணியில் சுற்றி
செத்த பறவைபோல் கொண்டுவருவார்கள்.
இப்போது முறுக்க எதுவுமில்லை.
தானே கேட்டுக்கொள்கிறது, தானே ஊற்றிக்கொள்கிறது.

என் பேரேட்டில்:
விற்றவை நாற்பத்தொன்று.
பத்து வருடத்தில் மாற்றிய கார்புரேட்டர் மூன்று.
அதில் ஒன்று நல்லது, நான்தான் தப்பாகக் கழற்றினேன்.
பணத்தைத் திருப்பித் தரவில்லை.
அந்த வரியை அடிக்கவும் இல்லை.

கேபிளைச் செருகினேன்.
பிழை ஏதுமில்லை என்றது திரை.
வெய்யோ திரையைப் பார்த்தான்,
ஜோசியக்காரனைப் பார்ப்பதுபோல.

புகைவாயை அடைத்து, காற்றை ஏற்றி,
சோப்புத் தண்ணீர் தடவிக் காத்திருந்தோம்.
காபி ஆறியது.
கிளட்ச் பக்க சீலின் ஓரத்தில்
மிளகளவு ஒரு குமிழி
வந்தது, உடைந்தது,
மறுபடி வந்தது.

எத்தனை நாளாகவோ. இரண்டு குளிர்காலமாகவும் இருக்கலாம்.
திருட்டுக் காற்று உள்ளே நுழைய நுழைய
வால்வு காதும் காதும் வைத்தாற்போல்
பெட்ரோலைக் கூட்டியிருக்கிறது,
கொஞ்சம், இன்னும் கொஞ்சம்,
திறக்க இனி இடமில்லை என்றாகும் வரை.
பழைய ரம்பமாக இருந்தால்
முதல் வாரமே கீச்சிட்டு ஊரைக் கூட்டியிருக்கும்.
இது ஓட்டையைப் பூசி மெழுகியது,
அவன் பைன் மரங்களை வெட்டிக்கொண்டே இருந்தான்.

போன இலையுதிர்காலத்தில் கயானி மருத்துவர்
என் வலது முழங்காலைப் படம் எடுத்தார்.
வலித்தது வலது.
கெட்டிருந்தது இடது.

"அப்ப அது கெட்டுப்போகலியா?"
"இல்லை."
"அதுக்கு நன்றி சொல்லணுமா, திட்டணுமா?"
பிஸ்டனின் பக்கவாட்டில் மெல்லிய கோடு.
நகத்தால் வருடிப் பார்த்தேன். மாட்டவில்லை.
மாட்டியிருந்தால் வேறு பேச்சு.
ரசீதில் எழுதினேன்: சீல் ஒன்று, கூலி இரண்டு மணி.
கேள்விக்கு ஒரு நிரலும் அதில் இல்லை.

வெளியே கொண்டுபோய் இழுத்தேன்.
அதற்கு பேட்டரி கிடையாது.
கயிற்றின் இழுப்பில் சுழலும் காந்தம் தரும்
துளி மின்சாரத்தில் கண்விழித்து
கடைசியாகத் தெரிந்ததை நினைவில் எடுக்கும்.
கடைசியாகத் தெரிந்தது அந்த ஓட்டை.
அது அடைபட்டதை யாரும் அதற்குச் சொல்லவில்லை.
இல்லாத காற்றுக்காக ஊற்றியது,
திணறியது, நீலமாய்ப் புகைந்தது.
"பாத்தியா!" என்றான் வெய்யோ.

பிர்ச் கட்டையில் முழு வேகத்தில் இறக்கினேன்.
முதல் வட்டம் விழுந்தது, புகை.
இரண்டாவதில் குரல் மேலேறி, தயங்கி,
கொஞ்சம் இறங்கியது.
மூன்றாவதில் நான் காதுக் கவசத்தை ஒரு பக்கம் தூக்கினேன்,
கூடாது என்று தெரிந்தே.

மூன்று வட்டங்களையும் வெய்யோ
வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டான்.
விறகு விறகுதானே.
சீலுக்கு உத்தரவாதம் எத்தனை வருடம் என்றான்.
ஒரு வருடம் என்றேன்.
"கம்ப்யூட்டருக்கு?"

நான் கடைப்படி ஏறினேன்,
பழக்கத்தில் வலது காலை முதலில் வைத்து.